வெறும் ஓட்டம்

ஒன்றும் வரக் கூடாது. காலையில் ஆய்வகத்தின் பூட்டைத் திறந்ததிலிருந்து எப்சிபா வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். வேண்டுதல் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. கொடு, கொடு என்று கேட்டுப் பழகிய வாய். கொடுக்காதே என்று கேட்டால் ஆண்டவரே ஒரு கணம் தலையைச் சொறிவார். விஜயதசமி விடுமுறை, வேதியியல் துறையில் ஈ காக்கை இல்லை. முந்தின நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட செவ்வந்தி மாலை வெற்றிடப் பம்பின் கழுத்தில் கிடந்தது, பம்பு ஓட ஓட அதுவும் சேர்ந்து நடுங்கி இதழ் இதழாகத் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. நிறமாலைக் கருவியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் சிவசைலம் சார் தன் கையாலேயே வைத்தவை. விஜயதசமியன்று தொடங்கும்மா, நல்லதே நடக்கும் என்று சொல்லிவிட்டு, அவளுடைய ஆய்வு வழிகாட்டியான அந்த மனிதர் தென்காசியில் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். தொடங்க இதில் என்ன இருக்கிறது, முடித்துக் கட்டிய வேலையை அல்லவா திரும்பத் தோண்டுகிறோம் என்று அவள் சொல்லவில்லை. சாரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அடுக்கினால் இன்னொரு ஆய்வேடு தேறும். எதிரே எஃகுக் கூட்டுக்குள் ஒரு சின்ன உப்புச் சன்னல், கட்டைவிரல் அகலம், காற்றே உறைந்து கல்லாகிவிடும் குளிரில் இருந்தது. அதன்மேல் ஆர்கான் வாயு மெல்லக் கசிந்து வந்து பனியாகப் படிந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்த ஆர்கானோடு ஃப்ளூரின் சேர்ந்த இன்னொரு வாயுவும் துளி கலந்திருக்கும். வரும் வழியில் விளக்கின் ஒளி பட்டு அது உடையும், உடைந்த துண்டு பனிக்குள் மாட்டிக்கொள்ளும், மாட்டிக்கொண்டதை அகச்சிவப்பு ஒளியை ஊடே அனுப்பிப் பார்ப்பார்கள், திரையில் ஒரு கோடு எழும்பும். இன்று அந்த வாயு கிடையாது. ஆர்கான் மட்டும், விளக்கு மட்டும். மாணவர்கள் இதை பிளாங்க் என்பார்கள், தமிழ்ப் பற்றுள்ள சார் மட்டும் வெறும் ஓட்டம் என்பார். வெறும் ஓட்டத்தில் வெறுமைதான் வர வேண்டும். கோடு எழும்பினால் அது அவள் பிடித்துவைத்த துண்டின் கோடு அல்ல, எங்கிருந்தோ வந்த அழுக்கின் கோடு. கோடு போனால் கட்டுரை போகும், கட்டுரை போனால் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை வாங்காது, நீட்டித்துக் கொடுத்த காலம் இந்த வருஷத்தோடு சரி, அதற்குமேல் கேட்க அவளுக்கே முகமில்லை.

தனி உறுப்பு. பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்தபோது பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, எப்சிபா அதை விலங்கியலோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு, தனியாகக் கிடக்கும் ஏதோ ஒரு கை, ஒரு கால் என்று நினைத்திருந்தாள். பிறகு கல்லூரியில் அதையே ஃப்ரீ ராடிக்கல் என்று சொன்னபோது அடடா அதுவா இது என்று வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது யோசித்தால் சிரிக்க ஒன்றுமில்லை, அது சரியான சொல்தான். இரண்டு பேராக இருக்க வேண்டிய எலக்ட்ரான் ஒற்றையாக நின்றுவிட்டால், அந்தத் துண்டு யார் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும், ஒரு நொடிகூடத் தாங்காது. அதைத் தாங்க வைக்க ஒரே வழி, பிடித்துக்கொள்ள யாருமே இல்லாத இடத்தில் உறைய வைப்பது. ஆர்கான் யாரோடும் சேராத வாயு, நல்லது கெட்டது எதற்கும் போகாத வீட்டுக்காரர் மாதிரி. சுற்றிலும் அப்படிப்பட்ட வீடுகளாகவே இருந்தால் ஒற்றை ஆள் பிழைத்துக் கிடக்கலாம். ஹைட்ரஜன் மூன்று சேர்ந்த கார்பன் துண்டு தட்டையாக இருக்கும், ஃப்ளூரின் மூன்று சேர்ந்தால் மட்டும் அது ஏன் கூடாரம்போலக் குவிகிறது என்று முதல் வருஷத் தேர்வுக் குழுவில் யாரோ கேட்டார்கள். ஃப்ளூரின் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கும் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். இழுத்தால் ஏன் குவிய வேண்டும் என்று அடுத்த கேள்வி. பதில் தெரியும், முந்தின இரவு படித்தது, எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் என்பதுகூடக் கண்ணில் நின்றது, வாய்தான் திறக்கவில்லை. சிவசைலம் சார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இழுக்கிறவன் இழுத்துக்கொண்டே இருந்தால் ஒற்றை எலக்ட்ரானுக்கு ஒதுங்க ஒரு மூலை வேண்டாமா, அதற்குத்தான் குவிகிறது என்று. இப்போது சொல்லி என்ன. பஸ் போனபிறகு கையைக் காட்டுவதே அவள் பிழைப்பாகிவிட்டது. சன்னலைக் குளிர்விக்கும் கம்ப்ரஸர் சக் சக்கென்று ஒரே தாளத்தில் அடித்தது, அந்தத் தாளத்துக்கு ஏற்ப அவள் கால் கட்டைவிரல் செருப்புக்குள் தன்பாட்டுக்கு ஆடியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடியது.

விளக்கு ரோஸ் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. வேலை செய்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரிகிற ரோஸ் சும்மா உபரி. அந்த விளக்கைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது, விளக்கின்மேல் அல்ல, அதை அணைத்து அணைத்து வளர்ந்த தங்கள் எல்லோர்மேலும். சிவசைலம் சார் ஒரு அறையைத் தாண்டிப் போனால் அந்த அறையில் ஃபேன் நின்றிருக்கும். வராந்தா விளக்கை அணைப்பார், கழிப்பறை விளக்கை உள்ளே ஆள் இருக்கும்போதே அணைப்பார், வகுப்பு நடுவில் மேகம் விலகினால் பேச்சை நிறுத்திவிட்டு சுவிட்சை நோக்கி நடப்பார். இந்த விளக்குக்கோ ஆயுசு கம்மி. எரிய எரிய முகப்பில் இருக்கும் படிகம் மங்கிப்போகும், புதிது வாங்க வருஷக் கணக்கில் எழுதிக் காத்திருக்க வேண்டும். ஆகவே தேவையில்லாமல் விளக்கு எரியக் கூடாது என்பது இந்த ஆய்வகத்தில் எழுதாத சட்டம். இவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான். வெறும் ஓட்டம் எடுக்கும்போது உடைக்க வாயுவே இல்லையே, பிறகு விளக்கு எதற்கு என்று எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் எடுத்தார்கள். வீட்டில் ஆள் இல்லாத அறைக்கு லைட் எதற்கு என்கிற அதே நியாயம். யாருக்கும் உறைக்கவில்லை. வாயு மட்டும் இல்லாமல், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதானே வெறும் ஓட்டம், விளக்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அது எதற்கு வெறும் ஓட்டம். பத்திரிகைக்காகக் கட்டுரையைப் படித்த முகம் தெரியாத ஒரு மதிப்பீட்டாளருக்கு உறைத்தது. மாதிரி வாயு இல்லாமல், விளக்கு எரியும் நிலையில், ஓர் ஓட்டம் எடுக்கப்பட்டதா என்று ஆசிரியர்கள் தெரிவித்தால் நன்றாயிருக்கும் என்று எழுதியிருந்தார். நன்றாயிருக்குமாம். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், பதிலுக்குத் திட்டியிருக்கலாம். படித்தவுடன் எடுத்தோமே என்று திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, முன்னால் இருந்த பெண்மணி மடியில் இருந்த குழந்தையின் கையிலிருந்து டார்ச் லைட்டைப் பிடுங்கி, பேட்டரி தீந்துரும்ல என்று அணைத்தாள். அப்போதுதான் எப்சிபாவுக்கு உறைத்தது, தாங்கள் எடுத்ததெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு எடுத்தவை. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டியவள் இறங்காமல், அதற்கடுத்த நிறுத்தமும் தாண்டி, கண்டக்டர் எங்கம்மா போவணும் என்று கேட்கும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

போன் மேசைமேல் நகர்ந்து நகர்ந்து அதிர்ந்தது. மாமி. கணவன் ஆல்வினின் அம்மா, மார்த்தாண்டத்திலிருந்து. எடுக்கவில்லை. எடுத்தால் முதலில் சாப்பிட்டியா என்பார், பிறகு மழை உண்டா என்பார், பிறகு குரலை இறக்கி, உள்ளே வேறு யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல, மக்கா, இந்த மாசமும் ஒண்ணுமில்லியா என்பார். கெட்ட மனசு கிடையாது, அதுதான் தொந்தரவு. கெட்ட மனசுக்காரியாக இருந்தால் ஒருநாள் சண்டை போட்டு முடித்திருக்கலாம். ஒண்ணுமில்ல மாமி. கல்யாணமாகி முதல் வருஷம் அதை வெட்கத்தோடு சொன்னாள், அப்புறம் அலுப்போடு, இப்போது ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்கிற குரலில் சொல்ல வந்துவிட்டது. கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்கிறவர்களுக்கும் ஒண்ணுமில்ல. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஆல்வின் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவன், அவன் கேட்பதில்லை, குளியலறையிலிருந்து அவள் வெளியே வரும்போது முகத்தை மட்டும் பார்ப்பான். ஒரே ஒரு தடவை ஒன்று இருந்தது. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பசையைத் தடவி, திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அந்தப் பெண் டாக்டர் கருவியை இப்படியும் அப்படியும் ஓட்டினார். ஆய்வகத்தில்போலவே அங்கேயும் ஸ்கேன்தான் அதற்குப் பெயர். எப்சிபாவுக்கு வேலைப் பழக்கம், கழுத்தை வளைத்துத் திரையை எட்டிப் பார்த்து, படத்துல இரைச்சல் ஜாஸ்தியா இருக்கே மேடம், இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துச் சராசரி போடலாமே என்று கேட்டாள். டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, கனிவாகத்தான் சொன்னார். "பை இருக்கும்மா. உள்ளே ஒண்ணுமில்ல." அந்த ஒண்ணுமில்லவும் இந்த ஒண்ணுமில்லவும் ஒரே சொல்தான் என்பதை அவளால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெறும் பை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, வாந்தி இருந்தது, தேதி தள்ளியிருந்தது, ஆல்வின் சொல்லி மாமி வாங்கி அனுப்பிய மாதுளம்பழம் பிரிட்ஜில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமையே ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள், சார் எதுவும் கேட்கவில்லை, அவள் நாற்காலிக்கு நேர் மேலே இருந்த ஃபேனை மட்டும் அன்று முழுக்க அணைக்காமல் விட்டார். அந்த வாரம்தான் கோடு வந்தது. திரையில் முதன்முதலாக அது எழும்பியபோது எப்சிபா ஒற்றை ஆளாக இதே நாற்காலியில் இருந்து அழுதாள். பனியை லேசாகச் சூடாக்கினாள், கோடு சிறுத்து மறைந்தது, அப்படி மறைந்தால்தான் அது தனி உறுப்பு. குளிர் தளர்ந்து நகர வழி கிடைத்ததும் துண்டுகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துவிடும். அழுக்காக இருந்தால் இருந்த இடத்தில் இருக்கும். எல்லாச் சோதனையும் தேறிய கோடு. அவளுடைய கோடு. சாரே அதை உன் கோடு என்றுதான் சொல்வார்.

போன் நின்றது. மணி பார்க்கவில்லை, பனி போதுமான அளவு படிந்துவிட்டது என்று கம்ப்ரஸர் சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று எண்ணிக்கொண்டாள். ஆர்கானை மூடினாள். விளக்கை மட்டும் அணைக்கவில்லை, கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது, பாதியில் இழுத்துக்கொண்டாள். குழாய் இணைப்புகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தாள், பார்த்துவிட்டாள். இணைப்புக்கு இணைப்பு வெள்ளை கிரீஸ். சாதாரண கிரீஸை ஃப்ளூரின் தின்றுவிடும் என்று இதற்கென்றே வரும் கிரீஸ், கார்பனும் ஆக்ஸிஜனும் ஃப்ளூரினும் சங்கிலியாகக் கோத்தது, எதற்கும் அசையாது, வெயிலுக்கும் அமிலத்துக்கும் அசையாது. காற்று கசியக் கூடாதே என்ற பயத்தில் அவள் அதைத் தாராளமாகப் பூசுவாள். கேக்குக்கு ஐசிங் வைக்கிற மாதிரி பூசுறியே என்று சார் ஒருதடவை கேலி செய்தார். விளக்குக்குப் பக்கத்து இணைப்பில் அது ரோஸ் வெளிச்சத்தில் பளபளவென்று பிதுங்கியிருந்தது. எதற்கும் அசையாது என்று டப்பாவில் போட்டிருக்கிறது. இந்த ஒளிக்கும் அசையாது என்று போட்டிருக்கிறதா. கார்பன், ஆக்ஸிஜன், ஃப்ளூரின். அவளுடைய துண்டிலும் அதேதான், கார்பன், ஆக்ஸிஜன், ஃப்ளூரின். அப்படியானால் சூடாக்கியபோது மறைந்ததும் பொருந்துகிறது, கிரீஸிலிருந்து உடைந்து வந்தாலும் தனி உறுப்பு தனி உறுப்புதானே, அதற்கும் ஒற்றை எலக்ட்ரான்தானே. கோடு பொய்யாக இருக்காது, யாருடைய கோடு என்பதுதான் பொய்யாக இருக்கும். இல்லை, இல்லை, விளக்குக்கும் கிரீஸுக்கும் நடுவில் ஒரு முழங்கை வளைவு இருக்கிறது, ஒளி வளையாது. ஆனால் எஃகுச் சுவரில் பட்டுத் தெறிக்கும். தெறித்தால் எவ்வளவு போய்விடும். கொஞ்சம். கோடும் கொஞ்சம்தானே. அவள் எழுந்து போய்க் குடிநீர்க் குழாயைத் திறந்து, தம்ளரை நிரப்பி, குடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள். ஓட்டத்தைத் தொடங்கினாள். திரையில் முதலில் வெறும் இரைச்சல், புல் என்று இவர்கள் சொல்வார்கள், கோடு முளைக்கும் வரை எங்கும் புல்தான். ஒரு தடவை பார்த்தால் புல் உயரமாக இருக்கும், திரும்பத் திரும்பப் பார்த்துச் சராசரி போடப் போடப் புல் தணியும், அடியில் ஏதாவது இருந்தால் தலை காட்டும். புல் தணிந்தது. இன்னும் தணிந்தது. அந்த இடத்தில், அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கத் தெரிந்த அந்த இடத்தில், புல் கொஞ்சம் தணிய மறுத்தது.

நிறுத்திவிடலாம். ஓட்டம் போதும் என்று இந்த நிமிஷம் நிறுத்தினால் அது புல்தான், கோடு என்று எந்த மதிப்பீட்டாளரும் சொல்ல முடியாது, விளக்கு எரியும் நிலையில் ஓர் ஓட்டம் எடுக்கப்பட்டது, குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குறிப்பிடும்படி. எவ்வளவு வசதியான சொல். எப்சிபா மவுஸின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கலாமே என்று கெஞ்சியவள் அவள்தான். உள்ளே ஏதாவது இருந்துவிடாதா என்று அங்கே, எதுவும் இருந்துவிடக் கூடாதே என்று இங்கே, இரண்டு இடத்திலும் திரையைப் பார்க்கிற கண் ஒன்றுதான், இரண்டு இடத்திலும் அது கேட்டது கிடைக்காது போலிருக்கிறது. அவளுக்குக் கோபம் வந்தது. டாக்டர்மேல், மதிப்பீட்டாளர்மேல், விளக்கை அணைத்தே பழக்கிய சார்மேல், சனிக்கிழமை வந்து முகத்தைப் பார்க்கிற ஆல்வின்மேல், மாதுளம்பழத்தின்மேல், எல்லோரும் எல்லாமும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்து அவளை இந்த நாற்காலியில் குவித்து உட்கார வைத்திருப்பதுபோல. கோபம் போன வேகத்தில் திரும்பி வந்து அவள்மேலேயே உட்கார்ந்தது, ஏனென்றால் கிரீஸைப் பூசிய கை அவளுடையது. கையை எடுத்தாள். ஓட்டம் ஓடியது. கோடு எழும்பியது. சின்னது, சந்தேகத்துக்கு இடமில்லாதது, அதே இடம், அதே சாய்ந்த தோள், வலது பக்கத்தில் அதே சின்ன மச்சம் மாதிரி ஒரு மேடு. கூட்டத்தில் யாராயிருந்தாலும் அடையாளம் கண்டுவிடுவாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பம்பின் மாலையிலிருந்து ஓர் இதழ் விழுந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் மறுபடி அதிர்ந்தது, மாமி என்று நினைத்து எடுக்காமல் விடப் பார்த்தாள், சார். பின்னால் பேரப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், யாரோ அரிசியில் அ எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிற சத்தம். சார் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

"எப்சிபா, ஏதாவது இருக்காம்மா?"

எத்தனை பேர், எத்தனை குரலில், எத்தனை வருஷமாகக் கேட்ட கேள்வி. ஒண்ணுமில்ல என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அது தானாக வருகிற சொல், பழகிய சொல், இன்று ஒரே ஒரு நாள் எல்லோருக்கும் பிடித்த சொல். கட்டுரை, ஆய்வேடு, சாரின் பெயர், எல்லாவற்றையும் அந்த ஒற்றைச் சொல் காப்பாற்றிவிடும்.

"இருக்கு சார்."

சொன்ன பிறகுதான், இந்தக் கேள்விக்கு இந்தப் பதிலைத் தான் வாய்திறந்து சொல்வது இதுவே முதல்தடவை என்பது அவளுக்குத் தெரிந்தது.  பிள்ளைகளின் கூச்சல் தூரமாகியது, சார் வேறு அறைக்கு நடந்து போகிறார் போலிருந்தது, போகிற வழியில் ஏதோ ஒரு சுவிட்ச் டக்கென்று அணையும் ஓசை போனுக்குள் தெளிவாகக் கேட்டது. எவ்வளவு பெரிசு என்று கேட்டார். சொன்னாள். எங்கிருந்து என்று கேட்டார். கிரீஸ் என்று நினைக்கிறேன், நான் பூசின கிரீஸ் என்றாள். அதற்கும் அவர் திட்டவில்லை. வயசானவர் நாற்காலியில் உட்காரும்போது வருகிற ஒரு மூச்சு மட்டும் வந்தது.

"சரிம்மா. நீ வீட்டுக்குப் போ. விளக்க அணைச்சிரு."

எப்சிபா விளக்கைப் பார்த்தாள். ரோஸ் வெளிச்சம் எஃகுக் குழாயின்மேலும், வெள்ளை கிரீஸின்மேலும், சந்தனப் பொட்டின்மேலும் விழுந்துகொண்டிருந்தது. கிரீஸை முழுக்க வழித்துத் துடைக்க வேண்டும், இணைப்புகளுக்குக் கிரீஸ் வேண்டாத செம்பு வளையம் போட வேண்டும், பிறகு மறுபடி வெறும் ஓட்டம், அதற்குப் பிறகு வாயுவோடு. அப்போது கோடு வருமா வராதா, யாருக்குத் தெரியும்.

"எரியட்டும் சார்" என்றாள். "இன்னொரு ஓட்டம் எடுக்கணும்."